நகரியமும் சேரியும் ஒரே எண்ணில்: நெய்வேலியில் வறுமைத் தரவரிசை எதைக் காண்கிறது?

2006 பிப்ரவரி 2 அன்று தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் நாட்டின் மிகப் பின்தங்கிய 200 மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை ஆறு மாவட்டங்கள்: கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த பின்தங்கிய பகுதிகள் மானிய நிதிக்கும் இதே ஆறு மாவட்டங்கள்தாம் தேர்ந்தெடுக்கப்பட்டன. பட்டியலின் முதல் பெயரான கடலூரில்தான் நெய்வேலி இருக்கிறது. 1956இல் நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962 முதல் அங்கிருந்து மின்சாரம் பாய்கிறது. தென்னிந்தியாவுக்கே விளக்கேற்றிய ஊர் என்று பாடநூல்கள் புகழும் இடத்தைத் தன்னகத்தே கொண்ட மாவட்டம், அரை நூற்றாண்டுக்குப் பின்னும் நாட்டின் கடைசி வரிசையில் நின்றது.

அந்த வரிசை எவ்வாறு உருவானது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். 2003இல் திட்டக் குழுவின் பணிக்குழு 447 மாவட்டங்களை மூன்று அளவீடுகளால் வரிசைப்படுத்தியது. வேளாண் தொழிலாளி ஒருவருக்கான விளைச்சல் மதிப்பு, வேளாண் கூலி, பட்டியல் சாதி மற்றும் பழங்குடி மக்களின் விகிதம் ஆகியவையே அம்மூன்றும். 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் பட்டியல் சாதியினர் 29 விழுக்காட்டுக்கும் மேல். மாநிலச் சராசரி 20 விழுக்காடு. மூன்றே அளவீடுகள் கொண்ட இந்த முறை கரடுமுரடானதுதான். ஆனால் கூலியையும் சாதியையும் நேராகப் பார்த்தது. சுரங்கத்தின் உற்பத்தியும் நிறுவனத்தின் இலாபமும் அதன் கண்ணை மறைக்கவில்லை. அதற்குப் பின் வந்த நுட்பமான குறியீடுகளைக் காட்டிலும் இந்த எளிய கணக்கு சேரி மக்களின் பார்வைக்கு நெருக்கமாக இருந்தது என்பதே நமது கருத்து.

நிதி ஆயோக் 2021 நவம்பரில் பன்முக வறுமைக் குறியீட்டை வெளியிட்டது. 2023 ஜூலையில் அதன் முன்னேற்ற அறிக்கை வந்தது. 2015-16இல் 4.76 விழுக்காடாக இருந்த தமிழ்நாட்டின் வறுமை 2019-21இல் 2.20 விழுக்காடாகக் குறைந்தது என்கிறது அவ்வறிக்கை. இந்திய அளவில் இது 24.85இலிருந்து 14.96 ஆனது. சத்துணவு, பொது விநியோகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுக்காக இம்மாநில மக்கள் நடத்திய நெடிய போராட்டங்களுக்கு இந்த எண்ணில் பங்கு உண்டு. அதை மறுப்பது நம் நோக்கமன்று. எனினும் நூறு பேரில் இரண்டு பேர் மட்டுமே ஏழை என்ற வாசகத்தைச் சுரங்க விளிம்பில் உள்ள ஒரு காலனியில் உரக்கப் படித்தால் அங்குள்ளோர் என்ன சொல்வார்கள்? சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு; அது குறியீட்டின் உள்ளேயே இருக்கிறது.

அளவுகோலின் உட்புறம்

பன்முக வறுமைக் குறியீட்டில் உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு எடை. வாழ்க்கைத் தரம் என்னும் பகுதி ஏழு கூறுகளாகப் பிரிகிறது: சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள், வங்கிக் கணக்கு. ஆகவே ஒவ்வொரு கூறுக்கும் எடை 21இல் ஒரு பங்கு. ஒரு குடும்பத்தின் இல்லாமைகளைக் கூட்டினால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காவது தேற வேண்டும். அப்போதுதான் அது ஏழைக் குடும்பமாகக் கணக்கில் ஏறும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கூரை ஒழுகுகிறது, கழிப்பறை இல்லை, விறகடுப்பு, தண்ணீருக்கு நெடுந்தொலைவு நடை. நான்கு இல்லாமைகள். 21இல் 4, அதாவது 19 விழுக்காடு. ஊட்டச்சத்துக் குறைவோ கல்வியின்மையோ உடன்சேர்ந்தாலன்றி இக்குடும்பம் ஏழையன்று. வாழ்க்கைத் தரம் ஒன்றை மட்டுமே கொண்டு ஏழை எனப் பெயர் பெற வேண்டுமானால் ஏழு கூறுகளும் இல்லாதிருக்க வேண்டும். குடிசைக்கு ஒற்றை விளக்கு இணைப்பு இருந்தாலே மின்சாரம் உண்டு என்று பொருள். ஜன்தன் கணக்கு இருந்தாலே வங்கியும் உண்டு. ஆக, ஏழும் இல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ இருக்கவே முடியாது.

உடைமைகள் என்னும் கூறு இன்னும் வியப்பளிப்பது. வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி, கணினி, மாட்டுவண்டி, மிதிவண்டி, மோட்டார் சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்தக் குடும்பம் உடைமையுள்ள குடும்பம். 2006க்குப் பின் அரசு வீடுதோறும் வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சியும் ஒரு பழைய கைப்பேசியும் போதும். கல்வியின் கதையும் இதுவே. பத்து வயதைக் கடந்த உறுப்பினர்களில் ஒருவர் ஆறு ஆண்டுகள் பள்ளிக்குச் சென்றிருந்தால் பள்ளிப்படிப்பு என்னும் கூறில் அக்குடும்பத்துக்குக் குறை இல்லை. மகள் படித்துவிட்டாள் என்பதால் கையெழுத்துப் போடத் தெரியாத தாய் ஒப்பந்தத் துப்புரவுப் பணியிலிருந்து விடுபட்டுவிடுகிறாளா? குறியீடு அதைக் கேட்பதில்லை. அதில் சாதி என்னும் கூறே இல்லை.

வீடு பற்றிய கேள்வியும் பொருளின் பெயரைத்தான் கேட்கிறது. மண் தரையா, ஓலைக் கூரையா என்று பார்க்கிறது. நம் காலனிகளில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட தொகுப்பு வீடுகளை எண்ணிப் பாருங்கள். மேற்கூரையில் சிமென்ட் பெயர்ந்து கம்பி துருத்திக்கொண்டிருக்கும். மழை நாளில் குழந்தைகளைத் திண்ணையில் படுக்க வைப்பார்கள். ஆயினும் அது கான்கிரீட் வீடு, எனவே குறையற்ற வீடு. இடிந்து விழும் நிலையிலுள்ள கான்கிரீட்டைவிட ஓலைக் குடிசையே பாதுகாப்பானது என்று சேரி முதியவர்கள் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இந்த வகைப்பாட்டின் குருட்டுத்தன்மை விளங்கும்.

தண்ணீர் இருக்கிறது என்று எழுதப்படும்போது

நெய்வேலியின் கதை தண்ணீரில் தொடங்கியது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது ஊற்றுநீரோடு வெளிவந்த கரும்பொருளே பழுப்பு நிலக்கரி இருப்பதற்கான முதல் தடயம். இப்பகுதியில் தோண்டினால் நீர் தானே பீறிட்டு எழும். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்துடன் நீர் தேங்கியுள்ளது. அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு நீர் மேலேறிவிடும். எனவே சுரங்கம் இயங்கும் வரை அல்லும் பகலும் நீரை இறைத்தாக வேண்டும். அவ்வாறு இறைத்த நீர் அனல்மின் நிலையங்களுக்குச் செல்கிறது. வறட்சிக் காலங்களில் சென்னையின் குடிநீருக்கும் சென்றிருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களின் நீர்மட்டமோ ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே வந்துள்ளது.

குறியீட்டின்படி மேம்பட்ட குடிநீர் ஆதாரம் என்பவற்றுள் ஆழ்துளைக் கிணறும் ஒன்று. நீர் எடுத்து வர நடக்கும் நேரம் அரை மணிக்குள் இருந்தால் குறை ஏதுமில்லை. குழாயில் வருவது என்ன என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலி, பரங்கிப்பேட்டை வட்டாரங்களில் 101 குடும்பங்களைச் சந்தித்தும் நீர், மண் மாதிரிகளைச் சோதித்தும் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. வடக்குவெள்ளூரில் ஒரு வீட்டின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பாதரசம் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 250 மடங்கு இருந்ததாக அது கூறியது. சிறுநீரகம், தோல், மூச்சு தொடர்பான நோய்களைக் குடும்பத்தினர் தெரிவித்ததையும் பதிவு செய்தது. செய்தியைக் கண்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தக் கிணற்றை உடைய வீடு வறுமைக் குறியீட்டில் குடிநீர்க் குறையற்ற வீடு. இரண்டு பதிவுகளும் ஒரே காலத்தில், ஒரே தெருவைப் பற்றியவை. ஒன்று மக்கள் தங்கள் உடலில் உணர்ந்ததைக் கேட்டுவிட்டு நீரைச் சோதித்தது; மற்றொன்று நீருக்கு ஒரு குழாய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது.

சராசரி என்னும் திரை

அடுத்த சிக்கல் அளவு பற்றியது. பன்முக வறுமைக் குறியீடு தேசிய குடும்ப நல ஆய்வின் மாதிரிகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அந்த மாதிரி மாவட்டத்துக்குக் கீழே இறங்காது. 26 லட்சம் பேர் வாழும் கடலூர் மாவட்டம் முழுமைக்கும் ஒரே எண். நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் அகன்ற சாலைகள், மரநிழல், பள்ளிகள், பொது மருத்துவமனை எல்லாம் உண்டு. சாலையையும் குடிநீரையும் துப்புரவையும் நிறுவனத்தின் நகர நிர்வாகமே கவனிக்கிறது. நகரிய எல்லையைத் தாண்டினால் மந்தாரக்குப்பத்தையும் வடலூரையும் நோக்கிச் செல்லும் வழிகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் குடியிருப்புகள். எல்லாம் ஒரே எண்ணுக்குள். நகரியத்தின் நிறைவு காலனியின் குறையை நிரவிவிடுகிறது. அது காகிதத்தில் மட்டும் நிகழும் பங்கீடு.

இட ஒதுக்கீட்டால் நிரந்தரப் பணி பெற்று நகரியக் குடியிருப்புகளில் வாழும் பட்டியல் சாதிக் குடும்பங்கள் இருப்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தலைமுறையைக் கைதூக்கிவிட்ட வேலை அது. அதனால்தான் அந்த வேலை கிடைக்காத உறவினர் தம் வாழிடத்தை மதிப்பிடும்போது கடலூர் மாவட்டச் சராசரியோடு ஒப்பிடுவதில்லை. மதிலுக்கு உள்ளே இருக்கும் தம் சித்தப்பா வீட்டோடு ஒப்பிடுகிறார். ஒரே சுரங்கத்தில் ஒரே மண்வெட்டியைப் பிடிக்கும் இருவரில் ஒருவருக்குக் குடியிருப்பும் மருத்துவமும் உண்டு, மற்றவருக்கு நாட்கூலி மட்டும் என்ற நிலையில் அவர் வேறு எதனோடு ஒப்பிடுவார்?

இங்கிலாந்தின் பன்முகப் பற்றாக்குறைக் குறியீடு 2019இல் அந்நாட்டை 32,844 சிறு பகுதிகளாகப் பிரித்து வரிசைப்படுத்தியது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1,500 பேர். 2010, 2015, 2019 ஆகிய மூன்று முறையும் எசெக்ஸ் கடற்கரையில் உள்ள ஜேவிக் பகுதியே கடைசி. எங்கள் ஊரை இழிவுபடுத்துகிறீர்கள், இங்குள்ள உறவும் ஒத்துழைப்பும் உங்கள் கணக்கில் வரவில்லை என்று ஜேவிக் மக்கள் கொதித்தார்கள். அங்கே தெருவளவு நுணுகிய தரவரிசை மக்களைச் சினமூட்டியது. இங்கே நமக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத சேரி எதை எதிர்த்து வாதிடும்?

கிராம அளவில் இறங்கினாலும் தீர்வு கிடைப்பதில்லை. பிரதமரின் முன்மாதிரி கிராமத் திட்டம் 2009-10இல் தொடங்கியபோது, பட்டியல் சாதியினர் பாதிக்கு மேல் வாழும் வருவாய்க் கிராமங்களையே தேர்ந்தெடுத்தது. ஊரும் சேரியும் சேர்ந்ததே வருவாய்க் கிராமம்; சேரி சிறுபான்மையாக உள்ள இடத்தில் அது கணக்கிலிருந்து காணாமல் போகிறது. தமிழக அரசு இந்தச் சிக்கலை ஓரளவு உணர்ந்தே 2011-12இல் தாய் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊராட்சிக்கு ஒரே தொகை என்ற முறையைக் கைவிட்டு, மாநிலத்தின் 79,000க்கும் மேற்பட்ட குக்கிராமங்களை அலகாகக் கொண்டு நிதி ஒதுக்கியது. குடியிருப்பை அலகாகக் கொள்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்று இனி எந்த அலுவலரும் சொல்ல இயலாது.

மொபெட் வாங்கியவன் ஏழை அல்லன்

தரவரிசை வெறும் எண் விளையாட்டாக இருந்தால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பின் ஊரகப் பகுதியில் ஏழு இல்லாமைகள் எண்ணப்பட்டன. பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பமாக இருப்பதும், நிலமின்றிக் கூலி வேலையில் வாழ்வதும் அவற்றுள் அடங்கும். ஆனால் அந்த ஏழைத் தொடுமுன் ஒரு வடிகட்டி இருந்தது. மோட்டார் வாகனம், குளிர்சாதனப் பெட்டி, தரைவழித் தொலைபேசி, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஈட்டும் ஓர் உறுப்பினர் என 14 அடையாளங்களில் ஏதேனும் ஒன்று இருந்தால் குடும்பம் தானாகவே நீக்கப்படும்.

சுரங்கப் பணி முறைமாற்று நேரங்களில் நடப்பது. விடியற்காலையிலோ நள்ளிரவிலோ பணிக்குச் செல்ல வேண்டிய ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பேருந்து இல்லை. கடன் வாங்கி ஒரு பழைய மொபெட் வாங்குவது பிழைப்பின் கட்டாயம். அதுவே அவரை இல்லாதோர் பட்டியலிலிருந்து வெளியேற்றியது. பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தின் காத்திருப்புப் பட்டியல் இக்கணக்கெடுப்பிலிருந்தே தயாரானது. இருசக்கர வாகனத்தை நீக்க அடையாளமாகக் கொள்வது தவறு என்று ஒன்றிய அரசு ஏற்றுக்கொண்டு விதியை மாற்றியது 2024இல். இடைப்பட்ட ஆண்டுகளில் வீடு மறுக்கப்பட்டவர்களுக்கு அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை. அக்கணக்கெடுப்பின் சாதி விவரங்களும் வெளியிடப்படவில்லை.

மக்கள் எதை எண்ணுகின்றனர்?

பொருளியலாளர் என்.எஸ். ஜோதா 1988இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி இதழில் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. இராஜஸ்தானின் இரு கிராமங்களில் 1960களுக்கும் 1980களுக்கும் இடையே உண்மை வருமானம் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்த குடும்பங்களை அவர் தனியே ஆராய்ந்தார். புள்ளிவிவரப்படி அவர்கள் மேலும் ஏழையானவர்கள். ஆனால் அம்மக்களே முன்வைத்த 38 அளவுகோல்களில் 37இல் அவர்கள் முன்னேறியிருந்தார்கள். பண்ணையாரின் நிலத்தில் குடியிருக்க வேண்டியதில்லை. அவரிடம் விதைக்கடன் வாங்க வேண்டியதில்லை. காலில் செருப்பு அணிகிறார்கள். செருப்பு அணிவது ஏன் வளத்தின் அளவுகோல் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நெய்வேலியில் இதே அளவுகோல் எதிர்த்திசையில் சாய்கிறது. குறியீடு முன்னேற்றம் என்கிறது; மக்களோ இழப்பைப் பற்றிப் பேசுகின்றனர். நிலம் எடுக்கப்பட்டபோது 1894ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தில் உரிமை உடையவருக்கு இழப்பீடு தந்தது; அந்த நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவருக்குத் தரவில்லை. நிலத்தோடு வேலை போயிற்று. கோடையில் தழை, விறகு, மேய்ச்சல் தந்த புறம்போக்கும் போயிற்று. 2013ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று ஆண்டுகள் அங்கு உழைத்த வேளாண் தொழிலாளர் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என ஏற்றது. ஆனால் நெய்வேலிக்கான நிலம் மாநிலத்தின் 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தின்கீழ் எடுக்கப்படுகிறது. அதில் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின்மீது இயந்திரங்கள் ஏறியதை நாடே பார்த்தது. அந்த வயலின் உரிமையாளர் பெயர் ஆவணத்தில் உண்டு. அதே வயலில் களையெடுத்த பெண்ணின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை.

ஆண்டுதோறும் இப்பகுதியின் போராட்டங்களில் எழும் கோரிக்கைகளே மக்களின் தரவரிசை: பணி நிரந்தரம், நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வேலை, குடிநீர், குடியிருக்கும் மனைக்குப் பட்டா. இவற்றோடு எந்த ஆய்வாளரும் கேட்காதவை சில உண்டு. சுடுகாட்டுக்குப் பாதை உண்டா? ஊர்த் தெரு வழியாகப் பிணத்தைக் கொண்டு செல்ல இயலுமா? காவல் நிலையத்துக்கு அச்சமின்றிப் போக முடியுமா? நெய்வேலிக்கு அருகிலுள்ள முதனையைச் சேர்ந்த ராஜாகண்ணு 1993இல் கம்மாபுரம் காவல்துறையினரின் பிடியில் கொல்லப்பட்ட பகுதி இது. ‘ஜெய் பீம்’ படத்துக்குக் கருவானது அந்த வழக்குதான். அங்கே பாதுகாப்பு என்பது வாழிடத் தரத்தின் முதல் கூறாக இருப்பதில் என்ன வியப்பு?

மக்களின் மதிப்பீடு என்றதும் அதை அப்படியே புனிதமாக்கிவிடவும் கூடாது. உலக வங்கி உதவியுடன் 2005இல் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டம் பின்னர் புதுவாழ்வுத் திட்டம் எனப்பட்டது. அதில் மக்கள் நிலை ஆய்வு என்னும் முறை கையாளப்பட்டது. கிராமத்தினரே வரைபடம் வரைந்து, மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று குடும்பங்களைப் பிரித்து, கிராம சபையில் ஒப்புதல் பெறுவார்கள். நல்ல முறைதான். ஆனால் கிராம சபை எங்கே கூடுகிறது? ஊர்க் கோயில் திடலில் கூடினால் சேரிப் பெண் எவ்வளவு தூரத்தில் நிற்பாள், எவ்வளவு பேசுவாள்? யார் ஏழை என்பதை ஆதிக்க சாதியினர் முன்னிலையில் முடிவு செய்யும் போது, நேற்று கூலி உயர்வு கேட்டவர் இன்று வசதியானவர் ஆகிவிடக்கூடும். இதற்கு மறுபக்கமும் உண்டு. தன்மானத்தின் பொருட்டுத் தம் தெருவைக் குறைத்துச் சொல்ல மறுப்பவர்கள் நம்மில் ஏராளம். எங்கள் தெருவுக்கு என்ன குறைச்சல் என்று கேட்கும் மூதாட்டியின் சொல்லை நிறைவின் சான்றாக எழுதிக்கொண்டு போன ஆய்வுகளும் இருக்கும். எனவே சேரியின் மதிப்பீடு சேரியில் எடுக்கப்பட வேண்டும், பெண்களிடம் தனியே கேட்கப்பட வேண்டும், அரசின் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிடப்பட வேண்டும்.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி விவரமும் சேர்க்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. கணக்கெடுப்பாளர் ஒவ்வொருவருக்கும் சில நூறு பேர் கொண்ட ஒரு தொகுதி தரப்படும். அத்தொகுதிக்கு வரைபடமும் தயாராகும். இந்த அளவில் தகவல் திரட்டப்பட்டாலும் வெளியிடப்படும் அட்டவணைகள் கிராமம், நகர வார்டு ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. சேரியும் ஊரும் மீண்டும் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. தொகுதி அளவிலான வசதி விவரங்களைப் பெயர் நீக்கி வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையை மாணவர் அமைப்புகள் இப்போதே எழுப்பலாம். கடலூர் மாவட்டத்தில் அதைச் செய்ய முனைவோர் தொடங்க வேண்டிய இடம் வட்டாட்சியர் அலுவலகம்: சுரங்கத்தை ஒட்டிய காலனிகள் எந்தத் தொகுதிகளில் சேர்க்கப்பட்டுள்ளன, நிறுவன நிலத்தில் குடியிருப்போரின் வீடுகள் வரைபடத்தில் ஏறியுள்ளனவா என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். ஆக்கிரமிப்பு என்று பெயரிடப்பட்ட தெருவுக்கும் கணக்கெடுப்பில் வீட்டு எண் உண்டு. அந்த எண் எழுதப்படும்போது அத்தெருவைச் சேர்ந்த ஒருவர் உடனிருப்பது நல்லது.